கம்மாலைக் கத்தியும் கடைக் கத்தியும்

கற்பிட்டிக் குடாநாட்டில் கத்தி இல்லாமல் நடைபெறும் தொழில் மிகக் குறைவு. முருகைக்கல்லில் சிக்கிய வலையை அறுத்து விடுவதற்கும், மீனை முதுகுவழியாகப் பிளந்து உப்பிடுவதற்கும், கடலட்டையைக் கீறிக் குடலை அகற்றுவதற்கும், வெங்காயத்தின் தாளையும் வேரையும் நறுக்குவதற்கும், புகையிலை வெட்டுவதற்கும், பாளை சீவுவதற்கும் கத்தியே துணை. கடற்கரைப் பக்கமும் களப்புப் பக்கமும் வாழும் எமது மக்களில் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி ஏறக்குறைய எல்லோரும் நாளாந்தம் கத்தி பிடிப்பவர்கள்.

எனினும் அந்தக் கத்தி எங்கிருந்து வருகிறது, அதை யார் செய்கிறார்கள், இந்த ஆண்டு வாங்கிய கத்தி ஏன் அடுத்த ஆண்டுவரை இருப்பதில்லை என்பவற்றை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. கடைகளில் நிறநிறமான பிளாஸ்டிக் பிடி போட்ட கத்திகள் அட்டையில் கோத்துத் தொங்குகின்றன. விலை குறைவு, பளபளப்பு அதிகம், தேடிப் போக வேண்டிய அலைச்சலும் இல்லை. ஆகவே வாங்குகிறோம். அதேவேளை, கம்மாலைகளின் சம்மட்டி ஓசை ஒவ்வோர் ஊராக ஓய்ந்து வருகிறது. தன் ஊரிலேயே கத்தி அடிப்பித்தவர் இன்று அதற்காகப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது.

கொல்லரிடம் சொல்லிச் செய்விக்கும் கத்தியை ஆதரித்துப் பேசினால், இது பழைமையில் உள்ள ஆசை என்று சிலர் நினைப்பார்கள். கொல்லர்மீது காட்டும் இரக்கம் என்று வேறு சிலர் நினைப்பார்கள். எமது கருத்து இரண்டும் அன்று. எமது கரையில் நடக்கும் பல வேலைகளுக்கு, குறிப்பாக இடுப்பிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளும் சிறு கத்திக்கு, கணக்குப் பார்த்தாலும் சொல்லிச் செய்வித்த கத்தியே இலாபமானது. ஆனால் அதைச் செய்தவர் எமது அயலில் இருக்கும்வரைதான் அந்த இலாபம் எமக்குக் கிடைக்கும். ஆகவே கத்தியைப் பற்றிய பேச்சு, கத்தி செய்பவர் எம்மிடையே வாழ முடியுமா என்ற பேச்சாகவும் ஆகிறது.

கடைக் கத்தி வந்த வழி

வெளிநாட்டுக் கத்தி எமக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துக் கத்திகள் இலங்கையில் விற்கப்பட்டன. நட்சத்திரமும் மோல்டா சிலுவையும் பொறித்த ஜோசப் ரொட்ஜர்ஸ் கம்பனியின் பேனாக்கத்தியைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் உண்டு. அவற்றை ஆலைக் கத்திகள் என்றே எம்மவர் எண்ணினர். உண்மையில் அந்த நாளைய ஷெபீல்ட் கத்தியில் பெரும்பங்கு கைவேலையாகும். தகடு அடிப்பவர், சாணை பிடிப்பவர், பிடி பூட்டுபவர் என்று தனித்தனிக் கைவினைஞர்கள், பலர் தமக்கென வாடகைக்கு எடுத்த சிறு பட்டறைகளில் இருந்து, அவற்றைச் செய்தார்கள். கம்பனியின் முத்திரைக்குக் கிடைத்த புகழ் அவர்களுடைய கைகளுக்கு உரியது.

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. அந்த ஆண்டுகளில் மக்கள் பட்ட கஷ்டங்கள் பல. ஆயினும் உள்ளூர்க் கம்மாலைக்கு அக்காலத்தில் வேலை இருந்தது. 1977இன் இறுதியில் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. பிறநாட்டுக் கத்தி, அரிவாள், மண்வெட்டி, கோடரி எல்லாம் தடையின்றி வந்தன. மலிவாகக் கிடைத்த பொருளை மக்கள் வாங்கியதில் குற்றம் காண முடியாது. ஏழைக்கு விலைதான் முதற் கவலை.

2022ஆம் ஆண்டில் நாடு டொலர் இன்றித் தவித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. சில வாரங்களுக்குள் ஒரு டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையில் கிடந்தன. இறக்குமதிப் பொருள்கள் கைக்கெட்டாத விலைக்குப் போயின. அவ்வேளையில் வீட்டு மூலையில் கிடந்த பழைய கத்திகளைத் தேடியெடுத்துத் தீட்டியவர்களும், கொல்லரைத் தேடிப் போனவர்களும் எமது ஊர்களில் இருந்தார்கள். கொல்லர் இல்லாத ஊரில் என்ன செய்வது?

விவிலியத்தில் 1 சாமுவேல் 13ஆம் அதிகாரம் இதைப் பற்றிப் பேசுகிறது. இஸ்ரயேல் நாடு எங்கும் கொல்லன் ஒருவனும் இல்லாதபடி பெலிஸ்தியர் பார்த்துக்கொண்டார்கள். கொழுவையும் கோடரியையும் தீட்டுவதற்கே இஸ்ரயேலர் தம்மை அடக்கியவர்களிடம் போய்க் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மக்களைத் தங்கியிருக்கச் செய்வதற்கு அவர்களுடைய கொல்லரை இல்லாமற் செய்தாலே போதும் என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தார். இன்று எவரும் எமது கொல்லரைப் பலவந்தமாக அகற்றவில்லை. நாம் வாங்கும் முறையினாலேயே அது நடந்துவிடுகிறது.

கைக்கு அளவான கத்தி

ஆலை ஒரே அளவில் ஆயிரக்கணக்கான கத்திகளைச் செய்கிறது. ஆகையால் எல்லாக் கைக்கும் ஓரளவு பொருந்தக்கூடிய ஒரு பிடியையே அது போட முடியும். எமது வேலைகளோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

வள்ளத்தில் போகும் கடற்றொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருடைய கை எந்நேரமும் ஈரமாகவும், செதிளும் வழுவழுப்பும் பட்டதாகவும் இருக்கும். வழுக்காமலிருக்க நடுவில் சற்றுப் புடைத்த பிடி வேண்டும். கடலில் விழுந்துவிடாதபடி கயிறு கட்டப் பிடியில் ஒரு துளை வேண்டும். வள்ளம் ஆடும்போது தொடையிலோ வலைக் குவியலிலோ குத்தாமலிருக்க நுனி மொட்டையாக இருப்பது நல்லது. அலகு நான்கு விரலளவு நீளம் இருந்தால் போதும். இயந்திரத்தின் விசிறியில் நைலோன் கயிறு சுற்றிக்கொண்டால் ஒரு கையால் வள்ளத்தைப் பிடித்தபடி மறு கையால் கத்தியை எடுக்க வேண்டும். கடையில் வாங்கும் வில்லுக்கத்தியை நகத்தால் கிள்ளித்தான் விரிக்க முடியும். ஈரக் கையின் நகத்துக்கு அது அகப்படாது. உப்பு ஏறியிருந்தால் இரண்டு கைகளாலும் விரியாது. கொல்லரிடம் சொன்னால், மடித்திருக்கும்போதும் அலகின் முதுகு பெருவிரலுக்குப் பிடிபடும்படி சற்று வெளியே நீட்டி வைப்பார். அல்லது, "மடக்க வேண்டாம், உறையோடு செய்து தருகிறேன், இடுப்பில் செருகிக்கொள்" என்பார். எது நல்லது என்று சொல்ல அவருக்கு உரிமையும் அனுபவமும் உண்டு.

கருவாட்டு வாடியில் வேலை செய்யும் பெண்ணின் தேவை வேறு. அவர் தாழ்ந்த பலகையில் அமர்ந்து மணிக்கணக்காக மீன் பிளக்கிறார். அலகு மெல்லியதாகவும் சிறிது வளைந்து கொடுப்பதாகவும் இருந்தால் முள்ளோடு ஒட்டிப் போகும், சதை வீணாகாது. பிடி பருமனாக இருந்தால் மாலையில் விரல்கள் மரத்துப் போகும். ஆண்களின் கையை மனத்தில் வைத்துச் செய்த பிடியோடு எமது பெண்கள் எத்தனை காலம் போராடுகிறார்கள்! கடலட்டை கீறுபவருக்கோ குட்டையான, விறைப்பான, கூர் நுனியுள்ள கத்தி வேண்டும். கீறல் அளவுக்கு மிஞ்சினால் அட்டையின் தோற்றம் கெட்டு விலை இறங்கும். இடக்கைப் பழக்கமுள்ளவர்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த கத்தி வலக்கைக்காரருக்கே நேராக வெட்டும். இடக்கைக்காரருக்கு அது ஓடி விலகும். அவருக்காகச் சாணையை மறுபக்கம் பிடிப்பது கொல்லருக்குச் சிறிய வேலை. ஆலைக்கு அது தனி உற்பத்தி வரிசையாகும்.

கத்தி கேட்டுப் போகிறவரிடம் கொல்லர் கேட்கும் முதற் கேள்வி, "என்ன வேலைக்கு?" என்பதாகும். கடையில் முதற் கேள்வி, "எத்தனை ரூபாவில்?" என்பதாக இருக்கும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் கத்தி கையில் இருக்கும் காலம் முழுவதும் தெரியும்.

இரும்பும் பதமும்

எமது கொல்லர்கள் கத்திக்குப் பெரும்பாலும் எடுப்பது பழைய லொறியின் வில்லுத் தகட்டை. அதை இளக்காரமாக எண்ணுபவர்கள் உண்டு. லொறியின் பாரத்தைப் பல ஆண்டுகள் தாங்கி, வளைந்து நிமிர்ந்த உருக்கு அது. அதில் கரிச்சத்து ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கும். அடித்துப் பதம் வைத்தால் நல்ல கூர் நிற்பதற்கு அது போதுமானது.

பதம் வைப்பதில்தான் கொல்லரின் அறிவு இருக்கிறது. தகட்டைச் சிரட்டைக்கரி உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து உருவாக்கி, அரத்தால் சீர்செய்த பின், மீண்டும் ஏறக்குறைய 800 பாகை செல்சியசுக்கு மேல் சிவக்கக் காய்ச்சுகிறார். அந்த நிலையில் உருக்கு காந்தத்தில் ஒட்டாது. உடனே எண்ணெயில் தோய்க்கிறார். இப்போது அலகு கண்ணாடிபோல் கடினமாக இருக்கும், கீழே விழுந்தால் உடைந்துவிடும். ஆகவே மிதமான சூட்டில் மறுபடியும் காய்ச்சுகிறார். தீட்டிய அலகின்மேல் வைக்கோல் மஞ்சள் நிறம் படர்ந்து, பின் கபிலமாகி, ஊதாவாகி, நீலமாகும். சிறு கத்திக்கு மஞ்சளுக்கும் கபிலத்துக்கும் இடையில் நிறுத்த வேண்டும். அது ஏறக்குறைய 200 முதல் 250 பாகை வரையிலான சூடாகும். நீலம் வரை விட்டால் அலகு மெத்தென்றாகி விடும். வெப்பமானி இன்றி, நிழலான கம்மாலைக்குள் கண்ணால் பார்த்து இதை நிறுத்துகிறார்கள். கம்மாலை எப்போதும் இருட்டாக இருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். உலையில் காயும் உருக்கின் சிவப்பை வெயிலில் சரியாகக் கணிக்க முடியாது.

ஷெபீல்டில் ஹரி பிரியர்லி என்பவர் 1913இல் துருப்பிடிக்காத உருக்கை உருவாக்கினார். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த இந்த உருக்கு மனிதருக்குப் பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. நல்ல துருப்பிடிக்காத உருக்கில் நல்ல கத்தி செய்யலாம். ஆனால் எமது கடைகளில் மலிவாக விற்கப்படுபவற்றில் பல மெல்லிய, மெதுவான தகட்டில் வெட்டியெடுக்கப்பட்டவை. சில நாட்களில் கூர் மழுங்கும். தீட்டினாலும் நெடுநேரம் நிற்காது. மடக்குக் கத்தியாயின் முதலில் பழுதாவது அதன் பூட்டு. மணலும் உப்பும் புகுந்து ஆணி தேய்ந்ததும் அலகு ஆடத் தொடங்கும். அழுத்திப் பொருத்திய ஆணியைக் கழற்ற வழியில்லை. அதை எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டும். கம்மாலைக் கத்தியின் தறையாணியைத் தட்டி எடுத்து, பித்தளை ஆணி ஒன்று வைத்து மறுபடியும் இறுக்கலாம். அலகு தேய்ந்தால் தீட்டலாம். பிடி உடைந்தால் முதிரையிலோ பாலையிலோ வேறு பிடி போடலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கடைக் கத்தி 500 ரூபா என்றும், வருடத்துக்கு மூன்று வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து வருடங்களில் 7,500 ரூபா போகிறது. கொல்லர் ஒரு கத்திக்கு 2,500 ரூபா கேட்டு, ஐந்து வருடங்களில் திருத்த வேலைக்கு இன்னும் 1,500 ரூபா வாங்கினாலும் மொத்தம் 4,000 ரூபாதான். விலைகள் இடத்துக்கிடம் மாறும். ஒவ்வொருவரும் தம் சொந்தச் செலவை இவ்வாறு எழுதிப் பார்க்கலாம். இதில் ஓர் இடர் உண்டு. 500 ரூபா கையில் உள்ளவருக்கு 2,500 ரூபா ஒரேயடியாகக் கிடைப்பதில்லை. ஏழை அதிகம் செலவு செய்வது இவ்வாறுதான். இதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பின்னர் சொல்வோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும்

கம்மாலைக் கத்தியில் குறையே இல்லை என்று சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். எமது உப்புக் காற்றில் அது துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவி, துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் பூச வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர் அதை வாங்காமலிருப்பது நல்லது. நாளடைவில் அலகின்மேல் கறுப்பேறுவது பழுதன்று. செந்நிறத் துருவையே தேய்த்து நீக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லாக் கத்தியும் ஒரே தரத்தில் வருவதில்லை. காலையில் அடித்த கத்தி நன்றாகவும், அவசரத்தில் மாலையில் அடித்தது நொறுங்குவதாகவும் இருக்கலாம். வாங்குபவர் சோதித்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் அரத்தை மெல்ல இழுத்தால் அது வழுக்கிப் போக வேண்டும், கடிக்கக் கூடாது. அலகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நேராக இருக்க வேண்டும். பிடிக்கும் இரும்புக்கும் இடையில் உப்பு நீர் புக இடைவெளி இருத்தல் ஆகாது. குறை கண்டால் கொல்லரிடம் அங்கேயே சொல்லலாம். அவர் மறுபடியும் உலையில் வைப்பார்.

மூன்றாவது, தவணை சொல்லித் தவறுவது. "நாளைக்கு வாங்கோ" என்ற சொல்லைக் கேட்டு மூன்று முறை அலைந்தவர் நான்காம் முறை கடைக்குத்தான் போவார். கொல்லர்கள் இதைத் தாமே உணர்ந்து திருத்த வேண்டும்.

நான்காவது, எல்லா இடத்துக்கும் இது உகந்ததன்று. ஏற்றுமதிக்கான மீன் பதனிடும் நிலையங்களில் துருப்பிடிக்காத உருக்கும், நீர் உறிஞ்சாத பிடியும் கேட்கப்படுகின்றன. சுகாதாரத்தை முன்னிட்டு அது நியாயமானது. அங்கே மரப்பிடிக் கத்தியை நாம் பரிந்துரைக்கவில்லை. வள்ளத்திலும், வாடியிலும், தோட்டத்திலும், வீட்டிலும் பாவிக்கும் கத்திகளைப் பற்றியே பேசுகிறோம்.

வெளியுலகம் தேடும் பொருள்

நாம் கைவிடும் இந்தப் பொருளை வசதியுள்ள நாடுகளில் காத்திருந்து வாங்குகிறார்கள். 1953இல் அமெரிக்க வர்த்தகக் கப்பல் மாலுமி ஒருவர், கைவினைஞர் ஒருவர் செய்யும் கத்தியை வாங்குவதற்காக நியூயோர்க் கடைக்குப் போனார். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர் பழைய மோட்டார் வாகனம் ஒன்றின் வில்லுத் தகட்டை எடுத்து, கப்பலின் சமையலறை அடுப்பில் காய்ச்சித் தானே ஒரு கத்தி செய்தார். பொப் லவ்லெஸ் என்ற அந்த மாலுமி 2010இல் இறந்தபோது உலகம் அறிந்த கத்திக் கைவினைஞராக இருந்தார். அவருடைய கத்திகள் ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கப்பட்டன. அவர் தொடங்கிய இரும்பும் எமது கொல்லர் பாவிக்கும் இரும்பும் ஒன்றே.

ஷெபீல்டில் 1926இல் பிறந்த ஸ்டான் ஷோ, 14 வயதில் பட்டறைக்கு வேலைக்குப் போய், மடக்குக் கத்திகளைத் தனியொருவராகச் செய்து முடிக்கும் கைவினைஞராகப் புகழ்பெற்றார். அவரிடம் கத்தி வாங்க வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2021இல் அவர் இறந்தபோது ஒரு பெரிய தொழில் மரபின் கடைசி மனிதர்களில் ஒருவர் போய்விட்டார் என்று அந்நாட்டவர் வருந்தினர். ஒரு நகரம் முழுவதும் கத்தி செய்த ஊரின் நிலை இது.

எமது நாட்டுக்கும் இத்துறையில் பெரிய பாரம்பரியம் உண்டு. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளை ஆய்வாளர் ஜில் ஜூலெவ் கண்டறிந்து 1996இல் வெளியிட்டார். அவை 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல் கிந்தி, சரந்தீபின் உருக்கைக் குறிப்பிட்டிருக்கிறார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், இந்நாட்டுக் கைவினைஞர்களின் நிலை ஆங்கிலேயர் ஆட்சியில் எப்படிச் சீரழிந்தது என்பதை விரிவாக எழுதினார். கண்டிப் பிரதானிகள் இடுப்பில் செருகிய வேலைப்பாடுள்ள கத்திகளை இன்று நூதனசாலைகளில் பார்க்கலாம்.

பழம்பெருமை பேசுவதற்காக இவற்றைக் கூறவில்லை. எமது கம்மாலையில் கத்தியின் விலையைக் கேட்டதும் பாதியாகக் குறைக்கப் பார்க்கிறோம். ஒரு மேசன் ஒரு நாள் வேலைக்குக் கேட்கும் கூலியைத் தர்க்கமின்றிக் கொடுக்கிறோம். ஒரு நாள் முழுவதும் நெருப்பின் முன் நின்று கத்தி செய்தவருக்கு அந்தக் கூலியைக் கொடுக்க ஏன் தயங்குகிறோம்?

மூன்று விலைமனுக்கள்

தனிப்பட்டவர்களின் தெரிவைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது எமது அமைப்புகளின் கொள்வனவு முறையாகும். இடம்பெயர்ந்தோருக்கும், அனர்த்தங்களால் தொழில் இழந்தோருக்கும் பல நிறுவனங்கள் கடந்த முப்பது வருடங்களில் எத்தனையோ தொழிற்கருவிப் பொதிகளை வழங்கியுள்ளன. திருச்சபை சார்ந்த அமைப்புகளும் இவற்றில் அடங்கும். பொதியில் கத்தி, மண்வெட்டி, கோடரி முதலியன இருக்கும். அவற்றை வாங்க மூன்று விலைமனுக்கள் வேண்டும் என்பது விதி. அச்சடித்த கடிதத் தலைப்பு, பதிவு இலக்கம், பற்றுச்சீட்டு, ஒரு வாரத்துக்குள் இருநூறு உருப்படி என்பன கேட்கப்படும். இவை எவற்றையும் கொல்லரால் கொடுக்க முடியாது. ஆகவே காசு கொழும்பு மொத்த வியாபாரிக்குப் போகிறது. கிராமத்துக்கு வந்த உதவிப்பணம் கிராமத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை.

விலைமனு முறை ஊழலைத் தடுப்பதற்காக ஏற்பட்டது. அதைக் கைவிடும்படி நாம் சொல்லவில்லை. கிராம மட்டத்தில் கொள்வனவுக் குழு ஒன்றை அமைத்து, அதன் தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் பதிந்து, பொருளைச் சோதித்துப் பெற்றதாகப் பயனாளிகளே கையெழுத்திட்டால், கணக்காய்வாளருக்கு அது போதிய சான்றாக ஏற்கப்பட வேண்டும். இருநூறு கத்தியை ஒருவரிடம் கேட்காமல், நான்கு கம்மாலைகளில் ஐம்பது ஐம்பதாக, இரண்டு மாதத் தவணையில் கேட்கலாம். இரும்புக்கும் கரிக்கும் முற்பணம் கொடுக்கலாம். இன்று சிரட்டைக்கரி ஏற்றுமதிக்கான செயற்படு கரி செய்யக் கம்பனிகளால் வாங்கப்படுகிறது. கொல்லர் அதே விலைக்குப் போட்டியிட்டுத்தான் கரி வாங்க வேண்டியிருக்கிறது. முற்பணம் இல்லையேல் அவர் வட்டிக்குக் கடன் வாங்குவார்.

கொல்லரின் பிள்ளை

கம்மாலைகள் மூடப்படுவதற்கு விலை மட்டும் காரணமன்று. கொல்லரின் பிள்ளை பட்டறைக்கு வர விரும்புவதில்லை. புகையும் சூடும் ஒரு காரணம். மற்றது, அத்தொழிலைச் சாதியோடு இணைத்துத் தாழ்வாகப் பார்க்கும் எமது சமூகம். கத்தி வேண்டும்போது தேடிப் போய், கலியாண வீட்டில் பந்தியின் ஓரத்தில் அமர்த்தும் வழக்கத்தைக் கிறிஸ்தவர்களாகிய நாமும் முற்றாக விட்டுவிடவில்லை. சீராக் நூலின் 38ஆம் அதிகாரம், பட்டடையருகே நெருப்பின் வெப்பத்தில் வருந்தும் கொல்லனைக் குறிப்பிட்டு, இத்தகையோர் இன்றி ஒரு நகரில் மக்கள் குடியிருக்க முடியாது என்று கூறுகிறது. நாசரேத்தில் தச்சுப் பட்டறையில் வளர்ந்த ஆண்டவரை வணங்குபவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

கம்மாலைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் வந்து குடியேறினர். இடம், நீர், தொழில் ஆகியவற்றில் பழைய குடிகளுக்கும் புதிய குடிகளுக்கும் இடையில் மனத்தாங்கல்கள் ஏற்பட்டதுண்டு. ஆனால் கத்தி தீட்ட வந்தவர்கள் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று பாராமல் ஒரே திண்ணையில் தம் முறைக்குக் காத்திருப்பார்கள். ஒரு கூட்டமும் வைக்காமல் ஊரார் சந்திக்கும் இடங்களில் கம்மாலையும் ஒன்று.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பங்குகளிலும் கிராமங்களிலும் உள்ள மாதர் சங்கங்களும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் தம் அங்கத்தவருக்கு எத்தகைய கத்தி வேண்டும் என்று கேட்டு எழுதி, ஒன்றாகச் சேர்த்து ஒரு கொல்லரிடம் கொடுக்கலாம். சங்கம் முற்பணம் கொடுத்து, அங்கத்தவர் வாரந்தோறும் சிறு தொகையாகத் திருப்பிச் செலுத்தினால், 2,500 ரூபாவை ஒரேயடியாகக் கொடுக்க முடியாதவருக்கும் நல்ல கத்தி கிடைக்கும். கொல்லருக்கும் ஒரு மாத வேலை உறுதியாகும்.

இரண்டாவது, ஒவ்வொரு கொல்லரும் தான் செய்யும் கத்தியில் ஓர் அடையாளத்தைப் பொறிக்க வேண்டும். ஓர் எழுத்தோ, சிறு மீனோ, எதுவாயினும் சரி. அடையாளம் இட்ட பின் தரம் குறைந்த கத்தியை வெளியே விட அவரே கூச்சப்படுவார்.

மூன்றாவது, தலவில புனித அன்னம்மாள் திருவிழா மார்ச் மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் நடைபெறும்போது நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். தற்காலிகக் கடைகள் வரிசையாக எழும்புகின்றன. இப்பகுதிக் கொல்லருக்கும் குறைந்த வாடகையில் ஓரிடம் ஒதுக்கினால் அவர்களுடைய வேலையைப் பலர் அறிவார்கள்.

நான்காவது, பாடசாலைச் சான்றிதழ் இல்லாத கைவினைஞருக்கும் முன்னனுபவத்தைச் சோதித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் உண்டு. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட தேசிய அருங்கலைகள் பேரவையும் கைவினைஞரைப் பதிவு செய்கிறது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாமையே பலருக்குத் தடை. எமது இளைஞர் மன்றத்தினர் ஒரு சனிக்கிழமையை இதற்காகச் செலவிடலாம். சான்றிதழோடு வரும் பயிலுநருக்கு ஒரு வருட உதவிப்பணம் கொடுப்பதையும் எமது அமைப்புகள் ஆலோசிக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்ததும் பத்தலங்குண்டு முதலிய தீவுகளில் வாடிகள் மறுபடியும் எழும்பும். அங்கே போனபின் மழுங்கிய கத்திக்குப் பதிலாக வேறு வாங்கக் கடை இல்லை. கத்தி அடிப்பதற்குக் கொல்லருக்கு நாள் வேண்டும், கரி வேண்டும், இரும்பு வேண்டும். ஆகவே ஓகஸ்ட் திருவிழாவுக்கு முன்னரே சங்கங்கள் கூடித் தமக்கு வேண்டியவற்றை எழுதிக் கொடுப்பது நல்லது. அயலில் எந்தக் கம்மாலையில் இன்னும் உலை எரிகிறது என்று விசாரித்து, அதன் பெயரைக் கூட்டக் குறிப்பில் பதிவதிலிருந்து தொடங்கலாம்.